நாற்பத்தொன்றாவது வரியில் ஒரு டம்மி

எங்கள் அலுவலகத்தில் அவரை ஒயர்மேன் என்றுதான் கூப்பிடுவார்கள். செல்போன் செயலி எழுதுகிற இடத்தில் ஒயர்மேனுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். மனிதர் நிஜமாகவே ஒயர்மேனாக இருந்தவர். பதினெட்டு வயதிலிருந்து இருபத்தாறு வரை தாய்மாமாவோடு வீடு வீடாகப் போய், சுவரைக் கொத்தி, குழாய் பதித்து, ஒயர் இழுத்தவர். மாலை நேரக் கல்லூரியில் கணினி படித்து எங்கள் தொழிலுக்கு வந்தார். வந்தும் பழைய புத்தி போகவில்லை. சட்டைப் பையில் பேனாவுக்குப் பக்கத்தில் ஒரு டெஸ்டர் எப்போதும் இருக்கும். ஸ்க்ரூடிரைவர் மாதிரி இருக்குமே, கரண்ட் இருந்தால் பிடிக்குள் குட்டி விளக்கு எரியுமே, அதுதான். அலுவலகத்தில் ட்யூப்லைட் கண்ணடித்தால் எலெக்ட்ரீஷியனுக்குச் சொல்லி அனுப்ப மாட்டார்கள். அவர் நாற்காலி மேல் ஏறிவிடுவார்.

நான் அவருக்குப் பக்கத்து இருக்கை. அவரைப் போன்றவர்கள் எழுதியதைப் போனில் போட்டுத் தட்டிப் பார்த்து, ஓடுகிறதா, முட்டிக்கொண்டு நிற்கிறதா என்று சொல்வது என் பிழைப்பு. இந்தப் பதவிக்கும் டெஸ்டர் என்றுதான் பெயர். இது போதாதா அவருக்கு? "பைல ஒரு டெஸ்டர், பக்கத்து சீட்ல ஒரு டெஸ்டர். ரெண்டுல எது பொய் சொல்லும்னுதான் தெரியல" என்பார். அவர் என்னைவிட மூன்று வயது மூத்தவர். அண்ணே என்று கூப்பிடுவேன். அந்தக் கேலிக்கு அப்போதெல்லாம் வாய்விட்டுச் சிரித்திருக்கிறேன்.

அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை கிடையாது. ஏன் என்பது போகப் போகத் தெரியும். ஆனால் வேறு எவரும் எழுதப் போவதில்லை, எழுதினாலும் பொய்யைத்தான் எழுதுவார்கள்.

நாங்கள் செய்துகொண்டிருந்தது ஒரு ஆக்சிஜன் கம்பெனிக்கான செயலி. வீட்டிலேயே மூக்கில் குழாயோடு படுத்திருக்கிறார்களே, அவர்களுக்கு. சிலிண்டர் தீரப்போகிறதென்றால் வீட்டிலிருப்பவர்கள் போனில் ஒரு பொத்தானை அழுத்த வேண்டும். கோரிக்கை கம்பெனியின் கிடங்குக்குப் போகும். அங்கிருந்து வண்டி கிளம்பும். போனில் பச்சை டிக் போட்டு, 'உங்கள் கோரிக்கை கிடைத்தது, வந்துகொண்டிருக்கிறோம்' என்று வரும். செயலி என்றால் அவ்வளவுதான்.

அந்த அவ்வளவுக்கு உள்ளே நூறு துண்டுகள். திரை ஒரு துண்டு. கோரிக்கையை அனுப்புவது ஒரு துண்டு. முகவரியை நினைவில் வைத்துக்கொள்வது இன்னொன்று. பொத்தான் இருக்கும் திரைக்கு, கோரிக்கையை அனுப்பும் அந்தத் துண்டு தேவை. பல பேர் எழுதினால் திரையே தனக்கு வேண்டிய அந்தத் துண்டை உள்ளுக்குள் செய்துகொள்ளும். ஒயர்மேனுக்கு அது அறவே ஆகாது. "ஒவ்வொரு ஃபேனும் வயித்துக்குள்ள ஒரு ஜெனரேட்டர் வச்சுக்கிட்டா வீடு வீடாவா இருக்கும்? வேணுங்கறத உள்ள கை விட்டு எடுத்துக்கக் கூடாது. வெளியில இருந்து ஒருத்தர் கையில கொடுக்கணும்" என்பார். அப்படிக் கொடுப்பதற்கென்றே ஒரு கோப்பு வைத்திருந்தார். அதற்கு ஃப்யூஸ்பாக்ஸ் என்று பெயர். எது முதலில் பிறக்கிறது, எதை எதன் கையில் கொடுக்கிறோம், எல்லாம் அந்த ஒரே கோப்பில், ஒரு வரிக்கு ஒன்றாக, அவர் கையால் எழுதியது. இதைத் தானாகவே செய்து தரும் கருவிகள் உண்டு. மற்ற குழுக்களெல்லாம் அதற்கு மாறிவிட்டன. அதில் ஒன்றும் குற்றமில்லை, இன்று நானே அதில்தான் வேலை பார்க்கிறேன். ஆனால் அவர், எந்த ஒயர் எங்கே போகிறது என்று தன் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார்.

இந்த முறையில் ஒரு வசதி உண்டு. சோதனை செய்யும்போது நிஜமாகக் கிடங்குக்கு அனுப்பித் தொலைத்தால் வண்டி கிளம்பிவிடும். அதனால் அந்த ஒரு வரியில் நிஜத்துக்குப் பதில் ஒரு டம்மியைக் கொடுக்கலாம். டம்மி எங்கேயும் எதையும் அனுப்பாது. என்ன கேட்டாலும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டி, 'கிடைத்தது' என்று சொல்லிவிடும். திரைக்கு வித்தியாசம் தெரியாது. கையில் கொடுத்ததை வாங்கிக்கொண்டு பச்சை டிக்கைப் போடும். நிஜமா டம்மியா என்று தீர்மானிக்கிற வரி ஃப்யூஸ்பாக்ஸில் நாற்பத்தொன்றாவது.

அதனாலேயே அவர் டிக்கை நம்ப மாட்டார். நான் சோதித்துவிட்டு "டிக் வந்துடுச்சுண்ணே" என்றால், "டிக் கெடக்கட்டும். போய்ச் சேர்ந்துச்சா?" என்பார். உடனே கிடங்குக்குப் போன் போட்டு, அங்கிருக்கும் குமாஸ்தாவிடம், "ஐயா, இப்ப ஒரு சிலிண்டர் கேட்டு வந்துச்சா?" என்று கேட்ட பிறகுதான் டீ குடிக்கப் போவார். சாவு வீட்டில் விசாரிக்கிற மாதிரி 'போய்ச் சேர்ந்துச்சா'ன்னு கேட்காதீங்க என்று எல்லோரும் கிண்டல் செய்வோம். "டெஸ்டர்ல லைட் எரியறதும் வீட்ல ஃபேன் சுத்தறதும் ஒண்ணு இல்ல தாயே" என்பார்.

எங்கள் மேலாளருக்கு ஸ்லைடு என்று பெயர் வைத்திருந்தோம். சுவரில் ஸ்லைடு போடாமல் அவரால் குடிக்கத் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. ஒரு வியாழக்கிழமை மூன்று மணிக்கு ஆக்சிஜன் கம்பெனியின் பெரிய தலைகள் செயலியைப் பார்க்க வருவதாக இருந்தது. அன்று பார்த்து அவர்களுடைய கிடங்கின் கணினி பழுது பார்ப்பில் இருந்தது. பொத்தானை அழுத்தினால் சிவப்பாகப் 'பிழை' என்று வரும். ஸ்லைடுக்கு வியர்த்துக் கொட்டியது. ஒயர்மேன் அலுவலகத்தில் இல்லை, ஆஸ்பத்திரியில் இருந்தார். அண்ணிக்குக் கண்ணில் அறுவை சிகிச்சை. அவருடைய கணினியைத் திறந்து வைத்து, எதற்கும் இருக்கட்டும் என்று என்னிடம் கடவுச்சொல்லும் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டேன். "டம்மியக் கொடுத்துட்டுக் காட்டறதா? அது பொய்யில்ல?" என்றார் முதலில். ஸ்லைடு என் கையிலிருந்து போனைப் பிடுங்கி ஐந்து நிமிடம் பேசினார். கடைசியில் ஒயர்மேன், "சரி, போனை அந்தப் பொண்ணுகிட்டக் குடுங்க" என்றார். என்னிடம், "நாப்பத்தொண்ணாவது வரிம்மா. டம்மின்னு மாத்து. மீட்டிங் முடிஞ்ச கையோட நீயே திருப்பி மாத்திடு. மறந்துடாத" என்றார். சரிண்ணே என்றேன். ஸ்லைடு என் நாற்காலிக்குப் பின்னால் நின்றுகொண்டு, "சீக்கிரம், சீக்கிரம்" என்று பறக்கடித்தார். மாற்றினேன். காட்டப் போகிற போன்களில் ஏறுவதற்காக, எல்லோருடைய எழுத்தும் வந்து சேரும் பொதுச் சேமிப்பிடத்துக்கு அதை அனுப்பினேன். அவருடைய கணினியிலிருந்து போனதால் அவர் பெயரில்தான் போகும். வியாழக்கிழமை, மதியம் இரண்டு இருபது.

கூட்டம் அமோகமாக நடந்தது. பொத்தானை அழுத்த அழுத்தப் பச்சை டிக். பெரிய தலைகள் கைதட்டின. நான் மறக்கவில்லை, அதுதான் வயிற்றெரிச்சல். நான்கரை மணிக்கு அவர் இடத்தில் போய் உட்கார்ந்து, நாற்பத்தொன்றாவது வரியைப் பழையபடி நிஜத்துக்கு மாற்றினேன். சேமித்தேன். எழுந்து வந்துவிட்டேன். சேமித்தது அவருடைய கணினியில் மட்டும். பொதுச் சேமிப்பிடத்துக்கு அனுப்பவில்லை. எங்கள் தொழிலில் இதைவிடக் கேவலமான மறதி கிடையாது. கண்ணுக்கு எதிரே எல்லாம் சரியாக இருக்கும், ஊருக்குப் போவது வேறாக இருக்கும்.

திங்கட்கிழமை காலை அவர் வந்தார். முதல் வேலையாக ஃப்யூஸ்பாக்ஸைத் திறந்து பார்த்தார். "மாத்திட்ட போல. சமத்து" என்றார். அவர் திரையில் சரியாகத்தான் இருந்தது. பத்து மணிக்குப் பொதுச் சேமிப்பிடத்திலிருந்து செயலி தயாராகி நோயாளிகளின் போன்களுக்குப் போனது. போகும் முன் சோதித்தவள் நான். பொத்தானை அழுத்தினேன். டிக் வந்தது. கிடங்குக்கு இரண்டு முறை போன் அடித்தேன், குமாஸ்தா எடுக்கவில்லை. டிக்தான் வந்துவிட்டதே என்று 'சரி' போட்டுக் கையெழுத்தும் வைத்தேன்.

புதன்கிழமை மதியம் வரவேற்பறையில் சத்தம் கேட்டது. கழுத்தில் அளவு டேப் தொங்க ஒரு தையல்காரப் பெண் நின்றிருந்தாள். மிஷினை விட்டு எழுந்தவள் அப்படியே ஓடி வந்திருக்கிறாள். போனை எல்லோர் முகத்துக்கு நேராகவும் நீட்டினாள். அதில் மூன்று பச்சை டிக்குகள். "மூணு தடவ கேட்டேன். மூணு தடவையும் கெடச்சுது, வந்துக்கிட்டிருக்கோம்னு சொல்லுச்சு. காலைல அப்பாவுக்கு நகமெல்லாம் நீலமாயிடுச்சு. பக்கத்து வீட்டு ஆட்டோல தூக்கிப் போட்டுக்கிட்டு ஓடினோம். யாருங்க சொன்னது வந்துக்கிட்டிருக்கோம்னு? அந்த ஆளை எனக்குக் காட்டுங்க" என்றாள்.

ஸ்லைடு சரக்கு லிஃப்டில் இறங்கிப் போய்விட்டார். ஒயர்மேன்தான் எழுந்து வெளியே வந்தார். அவள் போனை வாங்கிப் பார்த்தார். அவர் முகம் செத்துப் போனதை நான் கண்ணாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். "யாரும் சொல்லலம்மா, அதுவா சொல்லிடுச்சு. தப்பு எங்களோடதுதான். நான் எழுதினதுதாம்மா. மன்னிச்சிடுங்க" என்று கும்பிட்டார். வரவேற்பறையில் பத்து பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திரும்பி வந்து பொதுச் சேமிப்பிடத்தைத் திறந்தார். நாற்பத்தொன்றாவது வரி, டம்மி, அவர் பெயர், வியாழக்கிழமை இரண்டு இருபது. ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு இருபதுக்கு அவர் எங்கே இருந்தார் என்று அவருக்குத் தெரியாதா? அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்திருந்தது என்று தெரியாதா? என் பக்கம் திரும்பவே இல்லை. வரியைத் திருத்தி அனுப்பினார். பிறகு நோயாளிகளின் பட்டியலை எடுத்தார், இருநூற்றுப் பதினாறு வீடு. டம்மி எதையும் எழுதி வைக்காது, யார் யார் கேட்டார்கள் என்பதே தெரியாது. பாதியைக் கிழித்து என் கையில் கொடுத்தார். இரண்டு பேரும் ஒவ்வொரு வீடாகப் போன் போட்டு, சிலிண்டர் இருக்கிறதா என்று கேட்டோம். செயலியில் சிலிண்டர் கேட்டுக் காத்திருந்தவர்கள் முப்பத்தேழு பேர். பெரும்பாலானவர்கள் கிடங்குக்கு நேரே ஆள் அனுப்பி வாங்கியிருந்தார்கள். தையல்காரப் பெண்ணின் அப்பா பிழைத்துக்கொண்டார். அவர் பிழைத்ததால்தான் நானும் இன்னும் சோறு தின்கிறேன்.

வெள்ளிக்கிழமை விசாரணை. நீள மேஜை. இயக்குநர், ஸ்லைடு, ஒயர்மேன், நான். ஸ்லைடு வழக்கம்போலச் சுவரில் போட்டார். ஒரே ஒரு வரி, பெரிய எழுத்தில், பக்கத்தில் பெயரும் நேரமும்.

"இது உங்க பேருதானே?" என்றார் இயக்குநர்.

"பேரு என்னுதுதான். அந்த நேரத்துல நான் ஆபீஸ்ல இல்ல."

"அப்ப யாரு செஞ்சாங்க?"

அவர் மேஜையைப் பார்த்தார். "செஞ்சவங்க சொல்லட்டும் சார்" என்றார்.

 என் நாற்காலிக்குப் பின்னால் நின்று சீக்கிரம் சீக்கிரம் என்று பறக்கடித்த ஸ்லைடு, பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார். என் ஒப்பந்தம் அந்த மாதக் கடைசியில் முடிகிறது. புதுப்பிப்பது ஸ்லைடின் கையில். வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்திதான். இதையெல்லாம் சமாதானமாகச் சொல்லவில்லை. பயந்தேன். வாய் வரைக்கும் வந்ததை முழுங்கினேன்.

"அன்னைக்கு அந்தப் பொண்ணுகிட்ட நான் எழுதினதுதான்னு நீங்களே ஒத்துக்கிட்டீங்களாமே?" என்றார் இயக்குநர். மன்னிப்புக் கேட்ட வாயையே பிடித்துக்கொண்டார்கள். "ஆமா சார், மன்னிப்புக் கேட்டேன்" என்றார் ஒயர்மேன். ஸ்லைடு தொண்டையைச் செருமிக்கொண்டு, ஆளைக் குறை சொல்லிப் பிரயோஜனமில்லை, எல்லாவற்றையும் கையால் கோக்கிற இந்தப் பழைய முறைதான் தப்பு, உடனே தானியங்கிக் கருவிக்கு மாற வேண்டும் என்று பூசி மெழுகினார். அதற்கும் ஒரு ஸ்லைடு தயாராக வைத்திருந்தார்.

மாடிப்படியில் அவரைப் பிடித்தேன். "அண்ணே, நான்..." என்றேன்.

"என்கிட்ட எதுக்குச் சொல்ற? எனக்குத் தெரியாததா?"

"நீங்களே என் பேரைச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னா தப்பிக்கறதுக்குச் சொன்ன மாதிரி ஆயிடும். இது உள்ள கை விட்டு எடுத்துக்கற சமாச்சாரம் இல்ல. நீயா கொடுத்தாத்தான் உண்டு" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

"திங்கட்கிழமை சொல்லிடறேண்ணே" என்றேன். அவர் தலையாட்டினார். எத்தனையோ திங்கட்கிழமைகள் வந்தன.

அவரை வேலையை விட்டு நீக்கவில்லை. அதைவிட நாசூக்கானது ஒன்று இருக்கிறதே, டம்மி ஆக்குவது, அதைச் செய்தார்கள். நாற்காலியைப் பழைய கணினிகள் அடுக்கி வைத்திருக்கும் அறைக்குப் பக்கத்தில் போட்டார்கள். பொதுச் சேமிப்பிடத்துக்குள் போகும் அனுமதியைப் பிடுங்கினார்கள். ஃப்யூஸ்பாக்ஸை அழித்தார்கள், அழிக்கும் நாளில் ஸ்லைடு எல்லோருக்கும் கேக் வாங்கிக் கொடுத்தார். ஒயர்மேனுக்கும் ஒரு துண்டு போனது. ஐந்து மாதம் அவர் ஒன்பது மணிக்குச் சரியாக வந்தார், ஆறு மணிக்குப் போனார். யாரும் ஒரு வேலையும் கொடுக்கவில்லை. ட்யூப்லைட் கெட்டால் மட்டும் கூப்பிட்டார்கள், வந்து ஏறினார். என் பக்கமாகப் போகும்போது, "என்ன டெஸ்டர், சௌக்கியமா?" என்பார். அந்தக் கேள்விக்காகவே அவர் வரும் வழியில் நான் எழுந்து தண்ணீர் பிடிக்கப் போய்விடுவேன்.

நடுவில் ஒரு நாள் அண்ணியைப் பார்க்கப் போனேன். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஒயர்மேன் டீ போட உள்ளே போனதும் அண்ணி என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார்.

"தப்புப் பண்ணியிருந்தா பண்ணினேன்னு சொல்ற மனுஷன்மா அவரு. பண்ணலன்னா பண்ணலன்னும் சொல்லுவாரு. இப்ப ரெண்டும் சொல்ல மாட்டேங்கறாரு, கல்லு மாதிரி உக்காந்திருக்காரு. நான் கண்ணைக் கட்டிக்கிட்டு ஆஸ்பத்திரில கெடந்ததால கவனம் சிதறிப் போச்சோன்னு எனக்கு ஒரே உறுத்தல். உனக்கு ஏதாவது தெரியுமா?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது அண்ணி" என்றேன். டீத் தம்ளர்களோடு அவர் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். கேட்டிருப்பார். "சர்க்கரை சரியா இருக்கா பாரு" என்று என் கையில் ஒன்றைக் கொடுத்தார்.

ஐந்தாவது மாதம் அவரே எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். என் ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டது. அடுத்த வருடம் சோதனைப் பிரிவுக்கே தலைவி ஆனேன். ஸ்லைடு என்னைப் பற்றி ஒரு ஸ்லைடு போட்டு, நிதானமானவள், பொறுப்பானவள் என்று பாராட்டினார். கைதட்டினார்கள்.

போன மாதம் ஒரு புதிய நம்பரிலிருந்து அழைப்பு வந்தது. ஆம்புலன்ஸ்களுக்குச் செயலி செய்கிற ஒரு நிறுவனத்தின் அம்மாள். ஒயர்மேன் அங்கே வேலைக்கு மனுப் போட்டிருக்கிறார். விசாரிக்க ஆள் கேட்டதற்கு என் பெயரைக் கொடுத்திருக்கிறார். அத்தனை பேர் இருக்க என் பெயரை.

"எப்படிப்பட்டவருங்க அவரு?"

"தங்கமான மனுஷன்" என்றேன். வேலையில் சுத்தம், நேரம் தவற மாட்டார், யாருக்கும் ஒரு தீங்கும் நினைக்க மாட்டார் என்று அடுக்கினேன்.

"அதெல்லாம் சரிங்க. ஒரு ஆக்சிஜன் விஷயம் கேள்விப்பட்டோம். டம்மியை வச்சே அனுப்பிட்டாராமே? எங்களுக்கு அது ஒண்ணுதான் இடிக்குது. அது அவரு செஞ்சதுதானா?"

என் அறையின் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஸ்லைடு யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டு போனார். ஸ்லைடு இப்போது என் மேலாளரும் இல்லை. என்னை அவரால் ஒன்றும் செய்ய முடியாது. யாராலும் ஒன்றும் செய்ய முடியாது.

"அது நடந்தப்ப... எனக்குச் சரியா ஞாபகமில்லீங்க. ஆனா ரொம்ப நல்லவருங்க" என்றேன். "சரிங்க, ரொம்ப நன்றி" என்று வைத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் அவரே கூப்பிட்டார். இரண்டு வருடம் கழித்து அந்தக் குரல்.

"என்ன டெஸ்டர், சௌக்கியமா? உனக்குப் போன் பண்ணினாங்களா?"

"பண்ணினாங்கண்ணே. நல்லபடியாச் சொன்னேன். ரொம்ப நல்லபடியாச் சொன்னேன்."

அந்தப் பக்கம் ஏதோ வீட்டில் டிரில் போடுகிற சத்தம் கேட்டது. மறுபடி ஒயர் இழுக்கப் போய்விட்டார் என்று அப்போதுதான் புரிந்தது.

"போய்ச் சேர்ந்துச்சா?" என்றார்.

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவர் வைத்துவிட்டார்.